அம்மாவின்ர கை முறிஞ்சிட்டுது, பிளேட் போடவோ பிளாஸ்டரோட விடவோ? ஆய்வுகள் வாசிக்கிற ஆக்கள் சொல்லுங்கோ

கனகராயன் | ஜனவரி 11, இரவு 9.20
வணக்கம், கனநாளைக்குப் பிறகு எழுதுறன். அம்மாவுக்கு 71 வயசு. முந்தநாள் விடிய முகம் கழுவக் கிணத்தடிக்குப் போனவ, இந்த மாரி மழைக்குக் கல்லெல்லாம் பாசி பிடிச்சுக் கிடந்தது, நானும் உரஞ்சோணும் உரஞ்சோணும் எண்டு சொல்லிக்கொண்டே திரிஞ்சனான் ஒழிய உரஞ்சேல்ல, வழுக்கி வலது கையை ஊண்டி விழுந்திட்டா. மணிக்கட்டுக்கு மேல அகப்பைக் குழி கவிண்ட மாதிரி ஒரு மேடு. ஆஸ்பத்திரியில விறைக்க ஊசி போட்டு இழுத்து நேராக்கி பிளாஸ்டர் போட்டு, ஒரு கிழமையில திரும்ப எக்ஸ்ரே எடுக்க வரச்சொல்லி விட்டவை.
இப்ப பிரச்சினை என்னெண்டா கனடாவில இருக்கிற தம்பி, பிளாஸ்டர் எல்லாம் அந்தக்காலத்து வேலை, கொழும்புக்குக் கொண்டுபோய் பிரைவேற்றில ஒப்பரேசன் செய்து எலும்பில உலோகப் பிளேட் போடுங்கோ காசு நான் அனுப்புறன் எண்டு ஒரே நச்சரிப்பு. மாமி நாட்டு மருந்துப் புக்கை கட்டச் சொல்லி நிக்கிறா. நான் நடுவில. ஆராவது இதைப்பற்றி ஒழுங்கா ஆய்வு செய்திருக்கினமோ?

ஸ்காபுரோ மருமோன் | ஜனவரி 11, இரவு 9.48
தம்பி சொல்லுறதில என்ன பிழை? இஞ்ச எல்லாரும் பிளேட் தான் போடுறவை. காசு இருந்தா ஏன் அம்மாவைக் கஷ்டப்படுத்துறியள்.

முறிகண்டிப் பிள்ளை | ஜனவரி 11, இரவு 10.05
உந்தக் கொழும்புக் கதையை விடுங்கோ. எங்கட அப்பப்பாவுக்கு உழவு மிசினால விழுந்து முன்னங்கை முறிஞ்சு, நாட்டு வைத்தியம் செய்யிற பரியாரியார் மூங்கில் பட்டி வைச்சுப் புக்கை கட்டி, ஒண்டரை மாசத்தில மனிசன் வரம்பு வெட்டினவர். ஒரு ஆய்வும் வேண்டாம்.

வாட்டுப்பிள்ளை | ஜனவரி 12, காலை 6.10
இரவு டியூட்டி முடிஞ்சு வந்து எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தா பொறுங்கோ. 18 வருசமா எலும்பு வாட்டில நிக்கிறன், நான் டொக்டர் இல்லை, தாதி.
கனகராயன் தம்பி, உங்கட கேள்வியையே இங்கிலாந்தில அப்பிடியே எடுத்து ஆராய்ஞ்சிருக்கினம். ட்ராப்ட் எண்ட ஆய்வு, 2014இல வெளிவந்தது. அம்மாவுக்கு மாதிரியே மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு பின்பக்கம் விலகின 461 பேரைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்குத் தோலால குத்துற மெல்லிய கம்பி, மற்றப் பக்கத்துக்கு உந்தப் பிளேட். ஒரு வருசத்துக்குப் பிறகு நோ, போத்தில் மூடி திறக்கிறது, கதிரையில கையூண்டி எழும்புறது எல்லாம் கேட்டுப் புள்ளி போட்டுப் பார்த்தா சொல்லும்படியா வித்தியாசம் இல்லை. பிளேட்டின்ர விலை மட்டும் கூட.
அதே ஆக்கள் பிறகு கம்பியாவது வேணுமோ எண்டு கேட்டு 500 பேரில செய்தவை, 2022இல வந்தது. எல்லாருக்கும் முதல் இழுத்து நேராக்கினது, பிறகு பாதிப்பேருக்குக் கம்பி, பாதிப்பேருக்கு அச்சுப் பிடிச்ச மாதிரி இறுக்கமா ஒரு பிளாஸ்டர். வருச முடிவில ரெண்டு பக்கமும் ஒண்டுதான். ஆனா இதைக் கவனமா வாசியுங்கோ: பிளாஸ்டர் பக்கத்தில 100க்கு 13 பேருக்கு முதல் 6 கிழமைக்குள்ள எலும்பு திரும்ப நழுவி ஒப்பரேசன் செய்யவேண்டி வந்தது. அதுக்குத்தான் ஒரு கிழமையில எக்ஸ்ரே எண்டு வரச்சொல்லுறது. சனம் நோ குறைஞ்சிட்டுது எண்டு வராமல் விடுறது, பிறகு 5 கிழமையால கோணி ஒட்டின கையோட வந்து எங்களோட சண்டை.
இன்னொண்டு, மூட்டு முகப்பு நொருங்கி, திறந்துதான் சரிப்பண்ண ஏலும் எண்ட முறிவுகளை அந்த ஆய்வுகளில சேர்க்கேல்ல. அப்பிடியான கைக்கு நான் சொன்ன கணக்கு பொருந்தாது. அம்மாவின்ர எக்ஸ்ரே எப்பிடி எண்டு உங்கட டொக்டரைத்தான் கேக்கவேணும்.

வாட்டுப்பிள்ளை | ஜனவரி 12, காலை 6.22
மறந்திட்டன். விரலைப் பாருங்கோ. விரல் வீங்கி நீலமாகி, அசைக்கேக்க உயிர் போற நோ, விறைப்பு எண்டா நடுச்சாமம் எண்டாலும் கொண்டு ஓடுங்கோ, கிளினிக் நாள் பார்க்காதேங்கோ. மற்றும்படி விரலை நாள் முழுக்க மடக்கி நீட்டச் சொல்லுங்கோ, கையைத் தலகாணியில உயர்த்தி வையுங்கோ.

முறிகண்டிப் பிள்ளை | ஜனவரி 12, காலை 8.30
உதெல்லாம் வெள்ளைக்காரன்ர எலும்பு பிள்ளை. குரக்கன் திண்ட எலும்பில செய்து பார்த்தவையோ?

கணக்கு வாத்தி | ஜனவரி 12, பின்னேரம் 3.15
அண்ணை நியாயமான கேள்விதான், பகிடியா எடுக்கேல்ல. சிலதில எங்கட பக்கத்து ஆக்களும் இருக்கினம். திறந்த முறிவு, அதுதான் எலும்பு தோலைக் கிழிச்சு வெளியால வாறது, அதைக் கழுவுறதைப் பற்றி புளோ எண்டொரு ஆய்வு 2015இல வந்தது, 2551 பேர், இந்தியாவிலயும் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்தவை. சோப்புத் தண்ணியால கழுவினா நல்லம் எண்டுதான் நினைச்சிருந்தவை. முடிவு மறுவளம்: வெறும் சேலைன் தண்ணியால கழுவினவையில 11.6 வீதம் பேருக்குத் திரும்ப ஒப்பரேசன், சோப்புப் போட்டவையில 14.8 வீதம். மிசின் வைச்சு அழுத்தமா அடிச்சாலும் சும்மா மேலயிருந்து ஊத்தினாலும் வித்தியாசம் இல்லை. ஏ9 றோட்டில கிழமைக்கொரு மோட்டச்சைக்கிள் விழுற ஊருக்கு இது பெரிய விசயம் எல்லோ, விலை கூடின மிசின் இல்லாத ஆஸ்பத்திரியும் சரியாச் செய்யலாம் எண்டு ஒரு ஆய்வு சொல்லுறது எவ்வளவு அருமை.
அப்பப்பாவின்ர கதைக்கும் ஒண்டு சொல்லுறன், கோவிக்கக்கூடாது. எலும்பு எண்டது தானா ஒட்டுற சாமான். அசையாமல் வைச்சா கனக்க முறிவு ஆர் கட்டினாலும் ஒட்டும். கட்டினதால ஒட்டினதோ கட்டாட்டிலும் ஒட்டியிருக்குமோ எண்டு ஒரு ஆளைப் பார்த்துச் சொல்லேலாது. அதுக்குத்தான் குலுக்கல் போட்டு ரெண்டு பகுதியாப் பிரிக்கிறது.

முறிகண்டிப் பிள்ளை | ஜனவரி 12, பின்னேரம் 4.02
கோவம் ஒண்டும் இல்லை வாத்தி. ஆனா சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில பிளாஸ்டரும் இல்லை எக்ஸ்ரேயும் இல்லை, அப்ப எங்கட கையைக் காலைக் காப்பாத்தினது அந்தப் பரியாரியார் தான், அதை மறக்கேலாது.

வாட்டுப்பிள்ளை | ஜனவரி 12, இரவு 8.45
மறக்கச் சொல்லேல்ல அண்ணை. எங்கட ஊர்ப் பரியாரியார் ஒருத்தர் இப்பவும் தொட்டுப் பார்த்திட்டு இது என்ர கைக்கு அடங்காது எண்டு எங்களிட்ட அனுப்புறவர், அவரில எனக்கு நல்ல மரியாதை. ஆனா எட்டு வயசுப் பொடியன் ஒண்டு, முழங்கைக்கு மேல முறிஞ்சது, இறுக்கிக் கட்டி மூண்டு நாள் வீட்டில வைச்சிருந்து கொண்டு வந்தவை. கட்டை அவிழ்க்கேக்க நான் தான் கத்திரிக்கோல் பிடிச்சனான். விரல் அஞ்சும் கறுத்து, புகையில காய்ஞ்ச மிளகாய் மாதிரி. அதுக்குமேல எழுத விருப்பமில்லை. கட்டுறது ஆர் எண்டது இல்லைப் பிரச்சினை, வீங்கப்போற கையைச் சுத்திவர இறுக்கிக் கட்டுறது தான்.

குஞ்சுப்பரந்தன் தாய் | ஜனவரி 13, காலை 10.12
அக்கா இதை வாசிச்சிட்டு எனக்கு நெஞ்சு பதறுது. என்ர மகள், 7 வயசு, கொய்யாமரத்தால குதிச்சு கை நோகுது எண்டவள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திட்டு எலும்பு லேசா நசுங்கிப் புடைச்சிருக்கு, முழுசா முறியேல்ல எண்டு பண்டேஜ் மட்டும் சுத்தி விட்டிட்டினம். பிளாஸ்டர் போடேல்ல. ஏமாத்திப் போட்டினமோ?

வாட்டுப்பிள்ளை | ஜனவரி 13, மத்தியானம் 1.30
இல்லையம்மா, பயப்பிடாதேங்கோ. நீங்கள் சொல்லுற மாதிரி மணிக்கட்டுப் பக்கம் புடைச்ச முறிவு எண்டா அது இப்ப சரியான முறைதான். 2022இல போர்ஸ் எண்ட ஆய்வு, 4 வயசில இருந்து 15 வயசு வரை 965 பிள்ளையள், பாதிக்குப் பண்டேஜ், பாதிக்கு இறுக்கமான கட்டு. மூண்டாம் நாள் சிரிக்கிற முகம் அழுற முகம் படம் காட்டி நோவைக் கேட்டா ரெண்டு பக்கமும் ஒரே புள்ளி. பிள்ளையை மரத்தில ஏறாமல் பார்க்கிறதுதான் உங்கட வேலை.

குஞ்சுப்பரந்தன் தாய் | ஜனவரி 13, மத்தியானம் 1.41
அது மட்டும் ஏலாது அக்கா 😂 நன்றி

பாலைமரம் | ஜனவரி 14, இரவு 11.20
கை தப்பும். இடுப்பு தான் ஆளைக் கொண்டுபோறது. அம்மம்மா வாசல்படியில விழுந்து இடுப்பு முறிஞ்சு, கட்டிலில காலில பாரம் கட்டித் தொங்கவிட்டு 9 நாள், இண்டைக்கு ஒப்பரேசன் நாளைக்கு ஒப்பரேசன் எண்டு ஒவ்வொரு விடியவும் பட்டினி போட்டு மத்தியானம் சாப்பாடு குடுக்கிறது. ஆஸ்பத்திரி பேர் சொல்லேல்ல, அதுகளிட்டயும் மயக்க டொக்டர் ஒராள் தான். ஒப்பரேசன் நல்லாத்தான் நடந்தது, ஆனா அதுக்கிடையில முதுகில புண், சளி, ஆளும் மாறாட்டம், என்னை மாமா எண்டு நினைச்சுக் கதைச்சவ. நாலாம் மாசம் முடிஞ்சுது.
பிறகு ஒரு டொக்டரிட்டக் கேட்டன், பிந்தினதாலயோ எண்டு. அவர் ஏதோ ஒரு பெரிய ஆய்வு சொல்லி, கெதியாச் செய்தாலும் சாவு குறையேல்ல எண்டு காட்டியிருக்கு எண்டார். அது உண்மையோ? ரெண்டு வருசமா மண்டைக்குள்ள நிக்குது.

கணக்கு வாத்தி | ஜனவரி 15, காலை 5.50
தம்பி, ஆய்வு உண்மை. அதை உங்களுக்குச் சொன்ன இடம்தான் பிழை. ஹிப் அட்டாக் எண்டு பேர், 2020இல வந்தது, 17 நாட்டில 2970 பேர், இந்தியாவும் உள்ள. ஒரு பக்கம் முறிவு எண்டு கண்டு நடுக்கணக்கில 6 மணித்தியாலத்தில ஒப்பரேசன், மற்றப் பக்கம் 24 மணித்தியாலத்தில. 90 நாளுக்குள்ள செத்தது 9 வீதமும் 10 வீதமும், அவ்வளவு தான் வித்தியாசம். அவர் சொன்னது இந்த வரி. ஆனா பாருங்கோ, அவை ஒப்பிட்டது கால் நாளையும் ஒரு நாளையும். உங்கட அம்மம்மா கிடந்தது 9 நாள். அந்த ஆய்வில பிந்தின பக்கம் எண்டு சொல்லுற ஆக்களே எங்கட கணக்கில மிச்சம் கெதியாச் செய்த ஆக்கள். அதை வைச்சு 9 நாள் பரவாயில்லை எண்டு ஆரும் சொல்லேலாது. அதே ஆய்வில கெதியாச் செய்த பக்கத்தில மாறாட்டம் குறைவு, கெதியா எழுந்து நிண்டவை எண்டும் கிடக்கு, அதை அவர் உங்களுக்குச் சொல்லேல்ல.
நான் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குச் சொல்லுறது, விடையைப் பார்க்க முதல் கேள்வியைப் பார்.

பாலைமரம் | ஜனவரி 15, காலை 6.30
நன்றி சேர். அவ்வளவுதான் எழுத ஏலும் இப்ப.

கனகராயன் | ஜனவரி 17, இரவு 8.15
எக்ஸ்ரே எடுத்தாச்சு. எலும்பு நிண்ட இடத்தில நிக்குது, பிளாஸ்டரோட விடுவம் எண்டிட்டினம். தம்பிக்கு வாட்டுப்பிள்ளை அக்கா எழுதினதை அப்பிடியே அனுப்பினன், ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை, பிறகு கட்டைவிரல் மட்டும் வந்தது.
பாலைமரம் எழுதினதை வாசிச்சாப் பிறகு எனக்கு வேற பயம் பிடிச்சிட்டுது. அம்மா திரும்ப விழுந்தா? கல்சியம் குளிசை வாங்கிக் குடுக்கவோ?

ஸ்காபுரோ மருமோன் | ஜனவரி 17, இரவு 9.02
விற்றமின் டி குடுங்கோ. இஞ்ச எல்லாருக்கும் அது தான். வருசத்துக்கு ஒருக்கா பெரிய டோஸ் ஊசியும் இருக்கு, ஒரேயடியாப் போட்டா வேலை முடிஞ்சுது.

வாட்டுப்பிள்ளை | ஜனவரி 18, மத்தியானம் 12.40
அண்ணை உந்த ஒரேயடி வேலை தான் ஆபத்து. அவுஸ்திரேலியாவில 70 வயசுக்கு மேற்பட்ட 2256 பெண்களில பாதிப்பேருக்கு வருசத்துக்கு ஒருக்கா 5 லட்சம் அலகு விற்றமின் டி குடுத்துப் பார்த்தவை, 2010இல முடிவு வந்தது, குடுத்த பக்கத்தில விழுகையும் கூட, முறிவும் 26 வீதம் கூட. நல்லது செய்யப் போய்.
நாள்தோறும் 2000 அலகு குடுத்த அமெரிக்க ஆய்வு 25,871 பேரில அஞ்சு வருசத்துக்கு மேல, 2022இல முறிவுக் கணக்கு வந்தது, குடுத்த பக்கத்தில முறிஞ்சது 769 பேருக்கு, குடுக்காத பக்கத்தில 782 பேருக்கு, ஒண்டும் குறையேல்ல. ஆனா அவை பெரும்பாலும் டி குறைவில்லாத ஆக்கள். 1992இல பிரான்சில முதியோர் இல்லங்களில இருந்த 3270 கிழவியளில பாதிப்பேருக்கு கல்சியமும் விற்றமின் டியும் குடுத்தப்ப இடுப்பு முறிவு 43 வீதம் குறைஞ்சது, அதுகள் வெயில் காணாத, டி குறைஞ்ச சனம். குறைவா இருக்கிறவைக்குக் குடுத்தா வேலை செய்யும், நிரம்பின குடத்துக்கு ஊத்தினா வழியும்.

நெத்தலிக் கருவாடு | ஜனவரி 18, மத்தியானம் 1.15
முல்லைத்தீவுப் பக்கம் வாங்கோ, முள்ளோட நெத்தலி தாறன், கல்சியம் குளிசை என்னத்துக்கு 😄

கணக்கு வாத்தி | ஜனவரி 18, பின்னேரம் 4.30
பகிடி இல்லை, சாப்பாட்டுக்கு ஆதாரம் இருக்கு. 2021இல அவுஸ்திரேலியாவில 60 முதியோர் இல்லம், 7195 பேர். பாதி இல்லத்தில பால், தயிர், சீஸ் எண்டு கூடக் குடுத்து கல்சியத்தை நாளுக்கு 1142 மில்லிகிராமுக்குக் கொண்டு வந்தவை, புரதமும் கூட்டினவை. ரெண்டு வருசத்தில முறிவு 33 வீதம் குறைவு, இடுப்பு முறிவு 46 வீதம் குறைவு. குளிசை இல்லை, தயிர்! எருமைத் தயிர் சட்டியோட விக்கிற ஊரில நாங்கள் அதை விருந்தாளிக்கு மட்டும் வைக்கிறம். ஆனா அங்க இருந்ததுகள் சராசரி 86 வயசு, சாப்பாடு குறைஞ்ச சனம், 40 வயசில ஆரும் தயிர் திண்டு மருந்தெண்டு நினைக்காதேங்கோ.

வாட்டுப்பிள்ளை | ஜனவரி 18, இரவு 9.10
தயிர் நல்லது தான் சேர், ஆனா கனகராயனின்ர அம்மாவுக்கு அது காணாது. 71 வயசில நிண்ட நிலையில விழுந்து கை முறிஞ்சா அது வழுக்கினதால மட்டும் இல்லை, எலும்பும் மெலிஞ்சிட்டுது எண்டதின்ர முதல் தகவல். அந்த இடத்தில தான் எல்லாரும் கோட்டை விடுறது, நாங்களும் தான். கையை ஒட்டவைச்சு அனுப்புறம், எலும்பைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்ல, அஞ்சு வருசத்தால அதே ஆள் இடுப்போட வருது. டிக்கெட்டில, அதுதான் ஆஸ்பத்திரிப் பதிவுத் தாளில, பழைய கை முறிவு எண்டு கிடக்கும். எத்தினை பேரை அப்பிடிக் கண்டிருப்பன்.
தம்பி, அடுத்த கிளினிக்கில நீங்களாவே வாயைத் திறந்து கேளுங்கோ. எலும்பு அடர்த்தி பார்க்கிற ஸ்கான் இல்லாட்டிலும் பிராக்ஸ் எண்டு ஒரு கணக்கு இருக்கு, ஷெபீல்டில செய்தது, வயசு, நிறை, முந்தின முறிவு எல்லாம் போட்டா அடுத்த 10 வருசத்தில முறியிற வாய்ப்பு வரும், இலங்கைக்குத் தனியாவும் இருக்கு.

ஸ்காபுரோ மருமோன் | ஜனவரி 18, இரவு 9.55
எலும்பைப் பலப்படுத்துற அலென்ட்ரோனேற் குளிசை இடுப்பு முறிவை 50 வீதம் குறைக்கும் எண்டு வாசிச்சனான். பாதிக்குப் பாதி! பிறகேன் யோசிக்கிறியள்.

கணக்கு வாத்தி | ஜனவரி 19, காலை 5.40
மருமோன், உந்தப் பாதி எங்க இருந்து வந்தது தெரியுமோ? 1996இல வந்த ஆய்வு, முன்னமே முதுகெலும்பு நசுங்கின 2027 பெண்கள், மூண்டு வருசம். மருந்தில்லாத வெறும் குளிசை குடிச்ச 1005 பேரில 22 பேருக்கு இடுப்பு முறிஞ்சது, மருந்து குடிச்ச 1022 பேரில 11 பேருக்கு. பாதி தான், பொய்யில்லை. அதையே மற்றமாதிரிச் சொன்னா, 100 பேர் மூண்டு வருசம் குடிச்சா ஒராளின்ர இடுப்பு தப்பும். ரெண்டும் ஒரே கணக்கு. கடைக்காரன் முதலாவதைச் சொல்லுவான், பயந்தவன் ரெண்டாவதைச் சொல்லுவான்.
என்னைக் கேட்டா அந்த ஒராள் என்ர அம்மாவா இருந்தா நான் குடுப்பன். முதுகெலும்பு முறிவும் 15 வீதத்தில இருந்து 8 ஆக் குறைஞ்சது எல்லோ. ஆனா பெரிய பலன் வாறது ஏற்கெனவே முறிஞ்ச ஆக்களில தான். 2007இல இடுப்பு முறிஞ்சு ஒப்பரேசன் செய்த 2127 பேரில பாதிப்பேருக்கு வருசத்துக்கு ஒருக்கா அதே வகை மருந்தான சொலெட்ரோனிக் அமில ஊசி ஏத்தினவை, புது முறிவு 13.9 வீதத்தில இருந்து 8.6க்கு வந்தது, இறப்பும் 13.3இல இருந்து 9.6க்கு.

காட்டாமணக்கு | ஜனவரி 19, இரவு 7.30
இடையில பூருறன். எனக்கு 2009இல சண்டையில செல் குண்டு பட்டு முழங்காலுக்குக் கீழ முறிஞ்சு வெளிக்கம்பி போட்டது, இப்பவும் அந்த இடம் சரியா ஒட்டேல்ல, மாரிக்கு நோகும். ஒராள் வந்து அல்ட்ராசவுண்ட் மிசின் வாடகைக்குத் தாறன், வைச்சா எலும்பு ஒட்டும் எண்டு நல்ல காசு கேக்கிறார். எடுக்கவோ?

வாட்டுப்பிள்ளை | ஜனவரி 19, இரவு 10.20
தம்பி காசைக் குடுத்திடாதேங்கோ. கீழ்க்கால் எலும்பு முறிஞ்ச 501 பேரில அந்த மிசினையும் வேலை செய்யாத டம்மி மிசினையும் வைச்சுப் பார்த்து 2016இல முடிவு வந்தது, ஒட்டுறதிலயும் நடக்கிறதிலயும் ஒரு வித்தியாசமும் இல்லை. அது புதுசா முறிஞ்ச கால், உங்கட பழசு, வேற கேஸ், உள்ளுக்குக் கிருமி கிடக்கோ எண்டும் பார்க்கவேணும், எலும்பு டொக்டரின்ர கிளினிக்குக்குத் துண்டு எடுத்துப் போங்கோ. சிகரெட் பத்துறியள் எண்டா அதை விடுங்கோ, அதால எலும்பு ஒட்டுறது பிந்தும்.

காட்டாமணக்கு | ஜனவரி 19, இரவு 10.31
பத்துறனான் தான். எப்பிடிக் கண்டுபிடிச்சியள் அக்கா

கனகராயன் | பிப்ரவரி 24, இரவு 8.50
பிளாஸ்டர் வெட்டியாச்சு, 6 கிழமை. கை மெலிஞ்சு தோல் உரிஞ்சு கிடக்கு, ஆனா நேரா இருக்கு. சோறு குழைக்கிறா, தேங்காய் திருவ இன்னும் ஏலாது.
கிளினிக்கில கேட்டனான். டொக்டர் ஒருக்கா என்னை நிமிர்ந்து பார்த்திட்டு, நல்ல கேள்வி எண்டு, சிறுநீரகத்துக்கு இரத்தம் எடுத்து, பல்லுப் புடுங்க இருக்கோ எண்டும் கேட்டு, கிழமைக்கு ஒருக்கா 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேற் குளிசை எழுதித் தந்தவர். ஞாயிறு விடிய வெறும் வயித்தில ஒரு பெரிய கிளாஸ் பச்சைத் தண்ணியோட விழுங்கிப்போட்டு அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது, ஒண்டும் குடிக்கக்கூடாது, தொண்டையைப் புண்ணாக்குமாம். அம்மாவுக்குக் கண் முழிச்ச உடன பிளேன்ரீ இல்லாட்டி உலகம் சுத்தாது. முதல் ஞாயிறு முற்றத்துக் கதிரையில இருத்தி, மணிக்கூட்டைக் கையில குடுத்தாச்சு, அரை மணித்தியாலமும் என்னைத்தான் திட்டினவ.
கிணத்தடிக் கல்லைக் கொத்தி, சீமெந்து பூசி ஈக்கில் விளக்குமாத்தால சொரசொரப்பாக்கி, ரெண்டு பக்கமும் ஜீஐ பைப் கைபிடியும் நட்டிட்டன். தம்பி பிளேட்டுக்கு எண்டு அனுப்பின காசில தான்.

கணக்கு வாத்தி | பிப்ரவரி 25, காலை 5.45
அருமை. கண்ணும் பார்த்தனியளோ? இங்கிலாந்தில 70 தாண்டின 306 பெண்களில, ஒரு பகுதிக்கு முதல் கண் வெண்புரையைக் கெதியா வெட்டி, மற்றப் பகுதியைக் காத்திருக்க விட்டுப் பார்த்தவை, 2005இல வந்தது. வெட்டினவை விழுறது 34 வீதம் குறைவு. அம்மாவைக் கால் சமநிலைப் பயிற்சியும் செய்ய வையுங்கோ, 59 ஆய்வைச் சேர்த்துப் பார்த்தா உடற்பயிற்சியால விழுகை 23 வீதம் குறையுது, ஒத்தைக் காலில நிக்கிறது, கதிரையால கை ஊண்டாமல் எழும்புறது, அவ்வளவுதான் வேலை.

கனகராயன் | பிப்ரவரி 25, இரவு 7.20
வலது கண்ணில புரை இருக்கெண்டு போன வருசமே சொன்னவை சேர், வயல் வெட்டு முடியட்டும் எண்டு அவ தான் தள்ளிக்கொண்டு வந்தவ. இந்தா வெட்டு முடிஞ்சுது. வாற செவ்வாய் கண் கிளினிக்.

முறிகண்டிப் பிள்ளை | பிப்ரவரி 25, இரவு 7.44
ஒத்தைக் காலில நிண்டு பார்த்தன் வாத்தி, எட்டு செக்கனில மனிசி வந்து பிடிச்சிட்டா. எனக்கும் ஒரு கைபிடி நடவேணும் போல கிடக்கு, கனகராயன் அந்தப் பைப் என்ன சைஸ்?

கனகராயன் | பிப்ரவரி 25, இரவு 7.50
ஒண்டேகால் இஞ்சி அண்ணை. ஒண்டரை எண்டா அம்மாவின்ர கைக்குப் பிடி அடங்கேல்ல.